எட்டுப் பக்கத்துக்குள் கலையும் மனம்

ஓவியம் படிக்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, என் அலமாரியிலிருந்து மூன்று காமிக்ஸ் தொகுப்புகளை உருவித் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, "மாமா, இதுல எது நெஜமான பைத்தியக்காரன் கதை?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஒன்றைத் தொட்டுக் காட்டினான். கிராண்ட் மோரிசன் எழுதி, டேவ் மெக்கீன் வரைந்து, 1989இல் வெளிவந்த 'ஆர்க்கம் அசைலம்' அது. பக்கத்துக்குப் பக்கம் புகைமூட்டமும் துருவும் புகைப்படத் துணுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்க, அவற்றின் மேல் சிவப்பு மை தெறித்திருக்கும் அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவன் வயதில் நானும் அதையேதான் காட்டியிருப்பேன். இப்போது காட்டமாட்டேன். ஏன் என்று அவனுக்கு விளக்கத் தொடங்கியது ஒரு மாலைப் பொழுதையே எடுத்துக்கொண்டது. பாதிக்கு மேல் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் மனப்பிறழ்வு என்பது புதிய சரக்கு அல்ல. பேட்மேனின் எதிரிகளை அடைத்து வைக்கும் ஆர்க்கம் மனநலக் காப்பகம் முதன்முதலாகத் தலைகாட்டியது 1974இல், பேட்மேன் இதழின் 258ஆம் எண்ணில். டென்னிஸ் ஓ'நீல் அந்தக் கதையில் ஒரு மருத்துவமனைக்குப் பெயர் தேடியபோது, எச். பி. லவ்கிராஃப்டின் திகில் கதைகளில் வரும் கற்பனை நகரத்தின் பெயரை எடுத்து அதற்கு வைத்தார். நோயாளிகளைக் குணப்படுத்தவேண்டிய ஓர் இடத்துக்குப் பிறக்கும்போதே பேய்நகரத்தின் பெயர் வாய்த்துவிட்டது என்பதை யோசித்துப் பார்த்தால், அங்கிருந்து இதுவரை எவரும் உருப்படியாகக் குணமாகி வெளியே வரவில்லை என்பதில் வியப்பில்லை. அடுத்த மாதக் கதைக்கு வில்லன் வேண்டும். ஆகவே அவன் குணமாகக்கூடாது. நீளும் தொடர்களில் பைத்தியம் என்பது பெரும்பாலும் இந்த வசதிக்காக ஒட்டப்படும் சீட்டுதான். 2011இல் மூன்று மனநல மருத்துவர்கள் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரை ஒன்றில், காமிக்ஸ் பாத்திரங்கள்மேல் இப்படி அலட்சியமாக ஒட்டப்படும் மனநோய்ச் சீட்டுகள் உண்மையான நோயாளிகள்மேல் படியும் கறையாகிவிடுகின்றன என்று சுட்டிக்காட்டினார்கள். அதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. நோய் வேறு, கதைகள் 'பைத்தியம்' என்று அழைக்கும் நாடகம் வேறு. இந்தப் பதிவில் நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

அந்த நாடகத்தைச் சிறுகதைகள் நீள்கதைகளைவிட நேர்மையாக நடத்துகின்றன என்பது என் எண்ணம். காரணம் எளிது. எட்டுப் பக்கம்தான் உண்டு என்றால், ஒருவன் ஏன் இப்படி ஆனான் என்று விளக்க இடமே கிடையாது. அவன் இப்படி இருக்கிறான் என்று காட்டத்தான் முடியும். காட்டுவது ஓவியரின் கையில் இருக்கிறது. ஆகவே எழுத்தாளர் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் கோடு சொல்லியாக வேண்டும்.

இந்தக் குறுகிய அளவு சூப்பர் ஹீரோக்களுக்கு முன்பே பழகிப்போன ஒன்று. வில் ஐஸ்னர் 1940 முதல் 1952 வரை செய்தித்தாள் இணைப்பாக வெளிவந்த 'ஸ்பிரிட்' கதைகளை ஏழே பக்கங்களில் சொல்லி முடித்தார். முகமூடி அணிந்த நாயகன் பல வாரங்களில் ஓரமாக வந்து போவார். கதை யாரோ ஒரு சாதாரண மனிதனின் மனக்குழப்பத்தைப் பற்றியதாக இருக்கும். ஐம்பதுகளில் ஈ.சி. என்ற காமிக்ஸ் நிறுவனத்தின் திகில் கதைகளும் ஏறத்தாழ இதே அளவுதான். அந்த நிறுவனத்துக்காக பெர்னார்ட் கிரிக்ஸ்டீன் 1955இல் வரைந்த 'மாஸ்டர் ரேஸ்' கதை ஆறு பக்கங்களுக்காக எழுதப்பட்டது. அவர் கூடுதல் பக்கம் கேட்டு மன்றாடி எட்டுப் பக்கம் வாங்கினார். அதில் சூப்பர் ஹீரோ யாரும் இல்லை. சுரங்க ரயிலில் ஏறும் ஒரு மனிதனும் அவனைத் துரத்தும் கடந்த காலமும்தான் உண்டு. ஆனால் ஓடும் ரயிலின் சன்னல் முகங்கள் ஒன்றே நான்காகச் சிதறித் தெரிவதையும், ஒரு நொடி நிகழ்வை அவர் மெல்லிய நெடுக்குக் கட்டங்களாகச் சீவி வைத்திருப்பதையும் பார்த்தால், அச்சம் பிடித்த மனத்துக்குள் காலம் எப்படி நடக்கும் என்பது ஒரு சொல் இல்லாமல் புரிந்துவிடும். அதற்குப் பின்னால் இந்த வகையில் வந்த நல்ல கதைகள் அனைத்தும் ஏதோ ஒரு விதத்தில் அந்தச் சீவல்களுக்குக் கடன்பட்டவை.

இப்போது என் அலமாரியின் இரண்டாவது புத்தகத்துக்கு வருகிறேன். 1996இல் டிசி காமிக்ஸ் நான்கு இதழ்களாக வெளியிட்ட 'பேட்மேன்: பிளாக் அண்ட் ஒயிட்' அது. மார்க் கியரெல்லோ என்ற பதிப்பாசிரியரின் யோசனை. வெவ்வேறு நாட்டு ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் கூப்பிட்டு, ஆளுக்கு எட்டுப் பக்கம் கொடுத்து, வண்ணம் கிடையாது, தொடர்ச்சி கிடையாது, உங்களுக்குத் தெரிந்த பேட்மேனை வரையுங்கள் என்று விட்டுவிட்டார்கள். மொத்தம் இருபது கதைகள். ஜோ கூபர்ட், வால்டர் சைமன்சன், ரிச்சர்ட் கார்பன், பில் சியன்கெவிச், அர்ஜென்டினாவின் ஹோசே முன்யோஸ், ஜப்பானின் கட்சுஹிரோ ஒடோமோ என்று ஒரே அட்டைக்குள் ஒத்துப்போகவே வழியில்லாத கைகள். இருபதும் தேறும் என்று சொல்லமாட்டேன். ஐந்தாறு கதைகள் அழகான படங்களின் தொகுப்பு என்பதற்கு மேல் எதுவும் இல்லை. மீதியில் சிலவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

கறுப்பு வெள்ளை என்ற கட்டுப்பாடு இங்கே செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள புரூஸ் டிம் எழுதி வரைந்த 'டூ ஆஃப் எ கைண்ட்' போதும். தொலைக்காட்சி அனிமேஷன் தொடர் மூலம் தொண்ணூறுகளின் பேட்மேனுக்கு உருவம் கொடுத்தவர் அவர். பாதி முகம் சிதைந்த வில்லன் டூ-ஃபேஸ், அறுவை சிகிச்சையால் முழு முகம் திரும்பப் பெற்று, வில்லனாவதற்கு முந்தைய ஹார்வி டென்ட்டாக வாழ முயலும் கதை அது. அவனுக்கு ஒரு காதலி. காதலிக்கு இரட்டைப் பிறவியாக ஒரு சகோதரி. இதற்கு மேல் நடப்பதை நீங்களே ஊகித்துவிடலாம். ஊகித்தாலும் கதை கெட்டுப்போகாது. ஏனென்றால் அது எங்கே போய் முடியும் என்பதை டிம்மின் நிழல்கள் தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கின்றன. முகத்தில் தழும்பு இல்லை, தோல் சீராக இருக்கிறது. ஆனால் சன்னல் வெளிச்சம் விழும் கோணத்தில் ஒரு பாதி வெள்ளையாகவும் மறு பாதி தட்டையான கறுப்பாகவும் போய்விடுகிறது. மருத்துவர் அழித்துவிட்ட கோட்டை விளக்கு மறுபடி போட்டுவிடுகிறது. வண்ணம் இருந்திருந்தால் தோல் நிறம் குறுக்கே வந்து இதைக் கெடுத்திருக்கும்.

ஒடோமோவின் 'தி தேர்ட் மாஸ்க்' வேறு குணம் கொண்டது. 'அகிரா' காமிக்ஸில் நகரங்களையே இடித்துத் தள்ளியவர் இங்கே தன் கையை அடக்கிக்கொண்டு, ஒரு முகமூடிக்குள் எத்தனை பேர் இருக்க முடியும் என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். கொலைகாரனின் பிளவுபட்ட மனத்தைப் பற்றியதாகத் தொடங்கும் கதை, முகமூடி அணிந்த நாயகனையே ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்குகிறது. நீல் கைமன் எழுதி சைமன் பிஸ்லி வரைந்த கதையோ இவை எல்லாவற்றையும் கேலி செய்கிறது. அதில் பேட்மேனும் அவருடைய பரம எதிரி ஜோக்கரும் கூலிக்கு நடிக்கும் நடிகர்கள். தங்கள் காட்சிக்காகக் காத்திருக்கும் அறையில் வசனத்தைப் பார்த்துக்கொண்டும் அலுத்துக்கொண்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜோக்கரின் வெறி என்பது அவருடைய வேலை நேரம். கைமனின் பேச்சுநடை கொஞ்சம் சாமர்த்தியம் கூடிப்போனதுதான் என்றாலும், பிஸ்லியின் புடைத்த தசைகளும் கோணல் முகங்களும் அந்தச் சலிப்பான உரையாடலுக்குப் பொருந்தாமல் இருப்பதே அதன் சுவை.

ஆனால் அக்கா மகனிடம் நான் நீட்டியது இவற்றில் எதையும் அல்ல. பிரையன் போலண்ட் தானே எழுதி வரைந்த 'ஆன் இன்னசன்ட் கை' கதையைத்தான் நீட்டினேன்.

போலண்டின் கோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதில் பிசிறு என்பதே கிடையாது. ஒவ்வொரு முடியிழையும் சட்டை மடிப்பும் நாற்காலிக் காலும் தன் இடத்தில் தெளிவாக நிற்கும். கை நடுங்கிய தடம் எங்கும் இருக்காது. அந்தக் கோட்டில் அவர் வரைவது ஒரு சாதாரண இளைஞனை. அவன் நம்மிடம் பேசிக்கொண்டே போகிறான். தான் நல்லவன், எப்போதும் நல்லவனாகவே இருந்திருக்கிறேன் என்கிறான். ஆனால் தான் நல்லவனாக இருப்பது தன் தேர்வா, அல்லது வேறு வழி தெரியாததாலா என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறான். அதைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு முறை, மன்னிக்க முடியாத ஒரு தீமையைச் செய்ய வேண்டும். செய்துவிட்டு மறுபடி நல்லவனாக வாழப் போக வேண்டும். அந்தத் தீமைக்கு அவன் தேர்ந்தெடுக்கும் ஆள் பேட்மேன். திட்டத்தை அவன் படிப்படியாக விவரிக்கிறான், குரல் ஒரு முறைகூட உயராமல். அந்தத் திட்டம் என்ன ஆகிறது என்பதைப் படிக்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன்.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து உலுக்குவது அதன் வாதம் அல்ல. வாதம் கல்லூரி மாணவன் எவனும் இரவு இரண்டு மணிக்குப் பேசக்கூடியதுதான். என்னை உலுக்குவது, அந்த வாதம் பேசப்படும்போது படம் ஒரு கடுகளவுகூடக் கலைவதில்லை என்பது. கட்டங்கள் சாயவில்லை. நிழல்கள் நீளவில்லை. முகம் கோணவில்லை. ஒரு மனிதன் தன் தர்க்கத்தின் வழியே, ஒரு படியைக்கூடத் தாண்டாமல், கொலை வரைக்கும் நடந்துபோகிறான். ஓவியமும் அவன் கூடவே அதே ஒழுங்கோடு நடந்துபோகிறது. தனக்குள் எதுவும் சிதையவில்லை என்று நம்புகிறவனின் உலகம் அவனுக்கு இப்படித்தான், துல்லியமாக, சுத்தமாகத் தெரியும். படம் நம்மை அவனுக்கு வெளியே நிறுத்தி எச்சரிக்க மறுத்துவிடுகிறது. ஆறாவது பக்கத்தில் நான் அவன் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

மெக்கீனின் 'ஆர்க்கம் அசைலம்' மேல் எனக்கு இருக்கும் மனக்குறை இதற்கு நேர் எதிரானது. அது பிரமிக்க வைக்கும் புத்தகம். அதை மறுப்பவன் கண்ணில்லாதவன். வசனங்களைக் கையால் எழுதிய காஸ்பர் சலாடினோவின் எழுத்துவேலையை மட்டுமே தனியாக ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். பேட்மேனின் பேச்சு கறுப்புக் குமிழுக்குள் வெள்ளை எழுத்தாக அடங்கி வருகிறது. ஜோக்கரின் பேச்சுக்குக் குமிழே இல்லை. சிவப்பு மையில் கீறித் தெறித்தபடி படத்தின் மேலேயே ஓடுகிறது. குமிழ் என்பது ஒருவன் பேச்சுக்கும் உலகத்துக்கும் நடுவில் இருக்கும் வேலி என்றால், ஜோக்கருக்கு அந்த வேலி இல்லை என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. (சில இடங்களில் அதைப் படிக்க முடியாமல் பக்கத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது கலையா கண்வலியா என்று நான் முடிவு செய்யவில்லை.) சிக்கல் என்னவென்றால், முதல் பக்கத்திலிருந்தே எல்லாம் கலங்கிக் கிடப்பதால், கலங்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. கட்டடம், மருத்துவர், நோயாளி, நாயகன், எல்லோரும் ஒரே புகைக்குள் இருக்கிறார்கள். சேற்று நீரில் விழுந்த மைத்துளியை எப்படிப் பார்ப்பது?

அந்தப் புத்தகத்திலேயே மிக அச்சமூட்டும் பகுதி எது என்று என்னைக் கேட்டால், அது ஓவியமே தேவைப்படாத ஒரு கணக்கு. டூ-ஃபேஸ் எந்த முடிவையும் ஒரு நாணயத்தைச் சுண்டித்தான் எடுப்பான்: நல்ல பக்கம், தழும்புப் பக்கம், இரண்டே வழி. மருத்துவர்கள் அவனைக் குணப்படுத்துவதாக நினைத்து நாணயத்துக்குப் பதில் ஒரு பகடையைக் கொடுக்கிறார்கள். இரண்டு வழி ஆறு ஆகிறது. அது பலித்துவிட்டது என்று மகிழ்ந்து, அடுத்து குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டைக் கொடுக்கிறார்கள். ஆறு எழுபத்தெட்டு ஆகிறது. இப்போது அவனால் கழிப்பறைக்குப் போவதா வேண்டாமா என்றுகூட முடிவெடுக்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே நனைந்துவிடுகிறான். ஒரு மனத்தைத் தாங்கிக்கொண்டிருந்த கோணல் ஊன்றுகோலை, அது கோணலாக இருக்கிறது என்பதற்காகப் பிடுங்கிவிட்டார்கள். இந்த ஒரு சம்பவத்தை மட்டும் தனியே எடுத்து எட்டுப் பக்கக் கதையாக்கி, போலண்டின் கையில் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பல முறை யோசித்ததுண்டு. வெள்ளைச் சுவர், சுத்தமான மேசை, அதில் ஒழுங்காகப் பரப்பிய எழுபத்தெட்டுச் சீட்டுகள், அவற்றின் முன் உட்கார்ந்திருக்கும் ஒருவன்.

போலண்டின் பெயர் வந்துவிட்டதால், ஆலன் மூர் எழுதி அவர் வரைந்து 1988இல் வெளிவந்த 'தி கில்லிங் ஜோக்' பற்றி ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அதுவும் ஐம்பது பக்கத்துக்குள் அடங்கும் சிறு கதைதான். எந்த மனிதனையும் பைத்தியமாக்க ஒரே ஒரு மோசமான நாள் போதும் என்பது ஜோக்கரின் கட்சி. எனக்கு அந்தக் கட்சி ஒருபோதும் ஒப்பவில்லை; காரணத்தைத் தேடித்தரும் கதைகளின் பலவீனம் அதில் முழுமையாக உண்டு. மூருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் தன் கடந்த காலம் தனக்கே ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி நினைவுக்கு வருகிறது என்று ஜோக்கரையே சொல்லவைத்துத் தப்பித்துக்கொள்கிறார். சுவையான விஷயம் வண்ணத்தில் இருக்கிறது. முதல் பதிப்புக்கு வண்ணம் தீட்டியவர் ஜான் ஹிக்கின்ஸ்: ஊதா, ஆரஞ்சு, மஞ்சள் என்று திருவிழா விளக்குபோல் பளீரிடும் நிறங்கள். 2008இல் போலண்ட் தானே மறுபடி வண்ணமிட்டார். கடந்த காலக் காட்சிகள் சாம்பல் நிறமாகி, அவற்றில் அங்கங்கே ஒரு பொருள் மட்டும் சிவந்து தெரியும்படியும், பேரழிவு நெருங்க நெருங்க அந்தச் சிவப்பு கூடும்படியும் செய்தார். கோடு ஒன்றுதான், வசனம் ஒன்றுதான், ஆனால் இரண்டு வேறு மனங்கள். ஹிக்கின்ஸின் பதிப்பில் உலகமே ஜுரத்தில் கிடக்கிறது. போலண்டின் பதிப்பில் உலகம் சாதாரணமாக இருக்கிறது; ஜுரம் எங்கிருந்து ஏறுகிறது என்று விரலை வைத்துக் காட்டலாம். எனக்கு இரண்டாவது பிடிக்கிறது; ஹிக்கின்ஸ் பக்கம் நிற்பவர்களும் ஏராளம், அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

மூன்றாவது புத்தகம் 'ஜோக்கர்ஸ் அசைலம்'. 2008இல் ஐந்து தனி இதழ்களும், 2010இல் இன்னும் ஐந்தும் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு வில்லனைப் பற்றியது. ஒவ்வொன்றுக்கும் வேறு எழுத்தாளர், வேறு ஓவியர். ஈ.சி. கதைகளில் பிணவறைக் காவலன் வந்து நமக்கு வணக்கம் சொல்லிக் கதையைத் தொடங்கிவைப்பானே, அந்த வேலையை இங்கே ஜோக்கர் பார்க்கிறான். எட்டுப் பக்கக் கட்டுப்பாடு இல்லாததால் சில இதழ்கள் தொய்ந்துபோகின்றன. ஓவியத்திலும் ஏற்றத்தாழ்வு அதிகம். ஹுவான் டோ வரைந்த ஸ்கேர்குரோ இதழ் சுவரொட்டிபோல் தட்டையான வடிவங்களால் ஆனது. கெல்லி ஜோன்ஸ் வரைந்த கிளேஃபேஸ் இதழில் எல்லாமே நீண்டு வளைந்து உருகிவழிகிறது. ஜோ கினோனஸ் வரைந்த ஹார்லி க்வின் இதழ், காதலர் தினத்துக்காகக் காப்பகத்திலிருந்து தப்பியோடும் ஒருத்தியைப் பளிச்சென்ற நகைச்சுவைப் படமாக்கிவிடுகிறது. டேவிட் ஹைன் எழுதிய டூ-ஃபேஸ் இதழில் முடிவைத் தீர்மானிக்க வாசகரையே நாணயம் சுண்டச் சொல்கிறார்கள். நான் சுண்டினேன். பிறகு, கிடைத்த முடிவு பிடிக்காமல் இன்னொரு முறை சுண்டினேன். டூ-ஃபேஸுக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு அந்த இரண்டாவது சுண்டலில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பத்தில் மிகச் சிறந்தது ஜேசன் ஆரன் எழுதி, ஜேசன் பியர்சன் வரைந்த பெங்குவின் இதழ். பெங்குவின் என்ற வில்லன் ஒரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவளும் அவனைப் பார்த்துச் சிரிக்காதவளாக இருக்கிறாள். உணவகத்தில் அவர்கள் இருக்கும்போது எங்கோ ஒரு சமையல்காரன் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு தன்னைப் பார்த்துத்தான் என்று பெங்குவின் முடிவு கட்டிவிடுகிறான். அதற்குப் பிறகு அந்த மனிதனின் வாழ்க்கையை அவன் கல் கல்லாகப் பெயர்த்தெடுப்பதுதான் கதை. சிறுவயதில் கேட்ட கேலிச் சிரிப்பு ஒருவன் காதிலிருந்து இறங்கவே இறங்காது என்ற எளிய விஷயத்துக்கு மேல் அதில் எந்த மனநோய்ப் பெயரும் இல்லை. நோயின் பெயரைச் சொல்லாமல் விட்டதால்தான் அது நம் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்கிறது. பின்னால் யாரோ சிரித்தால் சட்டையைச் சரிசெய்துகொள்ளாதவர் யார்?

அக்கா மகனுக்குக் காட்ட நினைத்து நேரமில்லாமல் விட்டது மூன் நைட் கதைகள். அவை பேட்மேன் உலகத்தைச் சேர்ந்தவை அல்ல. மார்வெல் நிறுவனத்தின் பாத்திரம், 1975இல் பிறந்தது. ஓர் உடலுக்குள் பல பெயர்களில் வாழும் மனிதன். 2014இல் வாரன் எல்லிஸ் எழுதி, டெக்லன் ஷால்வி வரைந்த ஆறு இதழ்கள் ஒவ்வொன்றும் தனிக்கதை. வண்ணம் ஜோர்டி பெல்லேர். அவர் செய்த காரியம் மூன் நைட்டின் வெள்ளை உடைக்கு வண்ணமே பூசாமல் விட்டது. சுற்றிலும் தெருவும் சுவரும் இரத்தமும் முறையாக நிறம் பெற்றிருக்க, நடுவே அந்த உருவம் மட்டும் வெறும் காகிதமாக, கோடுகளால் மட்டுமே ஆனதாக நிற்கும். அவன் இந்த உலகத்தில் ஒட்டாதவன் என்பதைச் சொல்ல அவர்கள் எதையும் சேர்க்கவில்லை, எடுத்தார்கள். முதல் இதழில் ஒரு மருத்துவர், உனக்கு மனநோய் இல்லை, உன் மூளையில் வேறொன்று குடியேறியிருக்கிறது என்கிறார். நோய் என்று சொல்லியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஜெஃப் லெமீர் எழுதி கிரெக் ஸ்மால்வுட் வரைந்த தொடர் சிறுகதை வகையில் சேராது. ஆனாலும் அதன் நடுப்பகுதியில் ஒரு வேலை செய்திருக்கிறார்கள்: நாயகனின் ஒவ்வோர் ஆளுமைக்கும் ஒவ்வோர் ஓவியர். திரைப்படத் தயாரிப்பாளராக இருக்கும்போது வில்ஃபிரெடோ டோரஸின் சீரான கோடு. டாக்சி ஓட்டுநராக இருக்கும்போது ஃபிரான்செஸ்கோ ஃபிரான்கவியாவின் இருண்ட இரவு. விண்வெளி வீரனாக இருக்கும்போது ஜேம்ஸ் ஸ்டோகோவின் கட்டுக்கடங்காத நுணுக்கம். பக்கத்தைத் திருப்பும்போது ஆள் மாறுவதில்லை, கை மாறுகிறது. தன்னைப் பற்றிய சந்தேகம் அந்த மனிதனுக்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு நமக்கும் வந்துவிடுகிறது. ஏனென்றால், இவற்றில் எது அசல் நடை என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. ஒவ்வொரு நடையும் தன் அளவில் நிதானமாகவும் முழுமையாகவும் இருப்பதால்தான் இது பலிக்கிறது. எந்த ஓவியரும் பைத்தியத்தை வரைய முயலவில்லை. அவரவர் தம் உலகத்தை ஒழுங்காக வரைந்துவிட்டுப் போனார்கள். பிளவு இரண்டு பக்கங்களுக்கு நடுவிலுள்ள தையலில் இருக்கிறது.

பில் சியன்கெவிச்சைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே எழுதினால் பதிவு அவரோடு போய்விடும். 1982இல் மூன் நைட்டின் 26ஆம் இதழில், அடி உதை என்பது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எப்படித் தொற்றுகிறது என்பதை இசையின் தாளம்போல் வரைந்தவர் அவர். மைச்சிதறலும் கிறுக்கலும் அவரிடம் இருந்தும் நான் குறை சொல்லாததற்குக் காரணம், அவர் பக்கத்தில் அந்தச் சிதறல் ஓரிடத்தில் தொடங்குகிறது என்பதுதான். தொடங்கும் கட்டத்தை நீங்கள் விரலால் தொடலாம்.

அக்கா மகன் அன்று இரவு 'ஆன் இன்னசன்ட் கை'யைப் படித்துவிட்டு எதுவும் சொல்லாமல் தூங்கப் போய்விட்டான். மறுநாள் காலையில் பார்த்தால், சாப்பாட்டு மேசையில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, அந்த இளைஞனின் முகத்தைப் பென்சிலால் நகலெடுத்துக்கொண்டிருந்தான். தாளைச் சுற்றி அழிப்பான் துகள். நான்கைந்து முகங்கள் பாதியில் நின்றிருந்தன. எல்லாமே ஒத்துப்போகும் முகங்கள்தான், கண் சரி, தாடை சரி. என்ன குறை என்று கேட்டேன்.

"சாதாரணமா வரைஞ்சா சாதாரணமாவே வந்துடுது, மாமா," என்று சொல்லிவிட்டு, வாயை மறுபடி அழித்தான்.